மலை மேல் மாநாடு: பேச்சாளர்கள் நேரத்துக்குள் பேசி முடிக்க ஒரு வழிகாட்டி

ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். துறையில் கருத்தரங்கம் வரப்போகிறது. மேடை, சாப்பாடு, தங்குமிடம் என்று மூத்தவர்கள் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்ட பிறகு, "நீங்க நேரத்தைப் பார்த்துக்கோங்க" என்று ஒரு மணியை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அல்லது கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டத்துக்குத் தொண்டராக வந்திருக்கிறீர்கள். அங்கேயும் இதே பொறுப்புதான். இதற்கு முன்பு செய்ததில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பலர் இதைச் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் 10 நிமிடம், மாலையில் கடைசியாகப் பேசக் காத்திருப்பவரின் கணக்கில்தான் கழிகிறது. நம் நிகழ்ச்சிநிரல்களில் கடைசியில் யார் இருக்கிறார்கள் என்று எடுத்துப் பாருங்கள். முதல் கட்டுரை வாசிக்க வந்த ஆய்வு மாணவி இருப்பார். பச்சைத் தேயிலை விலையைப் பற்றிச் சொல்ல வேலையை விட்டுவிட்டு வந்த விவசாயி இருப்பார். பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடி ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மா இருப்பார். இவர்களிடம்தான் "நேரம் கருதி மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறோம். நேரம் பார்ப்பவர் காப்பாற்ற வேண்டியது இவர்களுடைய நிமிடங்களை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேடையில் இருக்கும் பெரியவரிடம் "போதும்" என்று சொல்வதற்கு வேண்டிய தைரியம் தானாக வரும்.

முடியும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

சமவெளியில் கூட்டம் ஒரு மணி நேரம் இழுத்தால் எல்லாரும் ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். மலையில் அப்படி முடியாது. அதனால் நிகழ்ச்சிநிரல் எழுத உட்காரும்போது முதலில் எழுத வேண்டியது அரங்கம் காலியாக வேண்டிய நேரத்தை.

அதற்கு, வருபவர்கள் எப்படித் திரும்பிப் போவார்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். மைசூருப் பக்கம் காரில் போகிறவர்களுக்கு பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடிவிடும். மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். கூடலூர் இறங்கி, முதுமலை தாண்டிப் போக வேண்டும் என்பதால் மாலை 5 மணிக்கு மேல் அவர்களை ஊட்டியில் உட்கார வைப்பது நியாயமில்லை. கோயம்புத்தூர் போகிறவர்கள் பர்லியாறு வழியாக இருட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். கோடைச் சுற்றுலா சீசனில் ஒருவழிப் பாதை வைத்தால் இறங்குவதே கோத்தகிரி வழியாகத்தான். மலை ரயிலில் போக ஆசைப்படும் விருந்தினருக்கு இன்னும் சிக்கல்: ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வண்டி பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பிவிடும். அவர் பேச்சை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தால் ஆசையை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் மாலை 4.30 என்று ஒரு முடிவு கிடைக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வாருங்கள்.

தொடக்க நேரத்துக்கும் இதே கவனம் வேண்டும். சிறப்பு விருந்தினர் அன்று காலை கோயம்புத்தூரிலிருந்து ஏறி வருவதாக இருந்தால் 9.30 தொடக்கம் என்று அச்சடிப்பது வீண். வளைவுகள், பனிமூட்டம், சுற்றுலா வண்டி நெரிசல் எல்லாவற்றையும் தாண்டி அவர் வர வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) கேட்கிறார்கள். அதை எடுக்காமல் கிளம்பிவந்து சோதனைச் சாவடியில் நிற்கும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். முதல் பேச்சாளரும் சிறப்பு விருந்தினரும் முந்தின இரவே மலையில் தங்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருங்கள். ஓர் இரவு அறை வாடகைக்கு யோசித்து முழு நாளையும் இழக்கக் கூடாது. ஒருவேளை மேட்டுப்பாளையத்தில் 7.10 ரயிலைப் பிடித்து வருகிறேன் என்று யாராவது சொன்னால், அது ஊட்டி வந்து சேர நண்பகல் ஆகிவிடும் என்று அன்போடு சொல்லிவிடுங்கள். 46 கிலோமீட்டர்தான் என்றாலும் அது பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிற பாதை.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர்?

ஒரு மணி நேரத்துக்கு 15 நிமிடம் வீதம் நான்கு பேர் என்று போடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அந்தக் கணக்கில் அறிமுகத்துக்கு நேரமில்லை. மேடை ஏறி மைக்கைச் சரிசெய்ய நேரமில்லை. ஸ்லைடு திறக்க, கைதட்ட, கேள்வி கேட்க எதற்கும் நேரமில்லை. ஒருவருக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். அதில் பேச்சு 15, கேள்வி 3, ஏறி இறங்க 2. ஆக, ஒரு மணி நேரத்துக்கு மூன்று பேர். ஒன்றரை மணி நேர அமர்வு என்றால் நான்கு பேரைப் போட்டுவிட்டு 10 நிமிடத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையிருப்பை நிகழ்ச்சிநிரலில் எழுதாதீர்கள். எழுதினால் அதற்கும் ஒருவர் பேச வந்துவிடுவார்.

தேநீர் இடைவேளையை 15 நிமிடம் என்று எழுதுவதும் இங்கே செல்லாது. குளிரில் உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே வெயிலைப் பார்த்தால் உடனே உள்ளே வர மாட்டார்கள். சூடாக டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும் கையில் இருக்கும்போது யார்தான் வருவார்கள்? 25 நிமிடம் விடுங்கள். டீ ஒரே மேஜையில் இருந்தால் வரிசை நீளும். இரண்டு இடத்தில் வையுங்கள். இடைவேளையைச் சுருக்கி நேரத்தை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

பேசுபவர்கள் அதிகமாகவும் நாள் ஒன்றாகவும் இருந்தால் எல்லாருக்கும் 8 நிமிடம் என்று நறுக்குவதை விட, வடிவத்தையே மாற்றுவது நல்லது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரை இன்று பல நாடுகளில் நடக்கிறது: ஒரே ஸ்லைடு, 3 நிமிடம். டோக்கியோவில் 2003இல் தொடங்கிய பெச்சகுச்சா முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 விநாடி, தானாக நகரும். 6 நிமிடம் 40 விநாடியில் பேச்சு முடிந்துவிடும். உலகப் புகழ்பெற்ற டெட் (TED) உரை மேடையில் எவ்வளவு பெரிய ஆளுக்கும் 18 நிமிடம்தான் உச்சவரம்பு. ஆய்வு மாணவர்களுக்கு மூன்று நிமிட வடிவம் மிகவும் பொருந்தும். அவர்கள் 15 நிமிடத்தில் 12ஐ முன்னுரையிலேயே செலவழிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தொடக்க விழா: நாள் முழுவதும் இங்கேதான் தொலைகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு ஆணையே இருக்கிறது. நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் எதற்கும் நம் ஊரில் நேரக் கணக்கு கிடையாது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, மலர் வெளியீடு, ஐந்தாறு வாழ்த்துரை, சிறப்புரை, நினைவுப்பரிசு, நன்றியுரை. ஒரு மணி நேரம் என்று போட்டது இரண்டேகால் மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு முதல் ஆய்வு அமர்வு, மதியச் சாப்பாட்டின் வாசனையில் நடக்கும்.

மரியாதையைக் குறைக்காமலே இதைச் சரிசெய்யலாம். முதலில் விளிப்பு. மேடையில் எட்டுப் பேர் இருந்தால், பேச வரும் ஒவ்வொருவரும் எட்டுப் பேரையும் பட்டத்தோடும் பதவியோடும் "அவர்களே" போட்டு அழைக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் எட்டுப் பேருக்கு 12 நிமிடம் இதிலேயே போய்விடும். வரவேற்புரை சொல்பவர் எல்லாரையும் முழுதாக, நிறைவாக அழைக்கட்டும். மற்றவர்கள் "மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அவையோரே" என்று தொடங்கட்டும். இதைத் தொகுத்து வழங்குபவர் முதலிலேயே அவையில் அறிவித்துவிட்டால் யாரும் தன்னை விட்டுவிட்டார்கள் என்று நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது பொன்னாடை. ஒவ்வொருவராக அழைத்து, போர்த்துபவரின் பெயரையும் சொல்லி, புகைப்படக்காரர் "இன்னொரு தடவை" என்று கேட்டு முடிப்பதற்குள் ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு மாணவர் பொன்னாடையோடு நின்று, ஒரே சமயத்தில் எல்லாருக்கும் போர்த்தினால் ஒரு நிமிடத்தில் மொத்தமும் முடியும். பார்க்கவும் அழகாக இருக்கும். நினைவுப்பரிசை மதியச் சாப்பாட்டுக்கு முன் புல்வெளியில் குழுப்படம் எடுக்கும்போது கொடுங்கள். மலை பின்னணியில் வரும் படத்தை விருந்தினர்களும் விரும்புவார்கள்.

வாழ்த்துரை மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 3 நிமிடம். அழைப்பிதழில் பெயருக்கு நேராக "10.12 – 10.15" என்று நேரத்தை அச்சடித்துவிடுங்கள். "சில நிமிடங்கள்" என்று வாயால் சொல்வதை விட அச்சில் இருக்கும் எண் பத்து மடங்கு வேலை செய்யும். அதிகாரி அல்லது மக்கள் பிரதிநிதி வருகிறார் என்றால், முன்கூட்டியே அவருடைய நேர்முக உதவியாளரிடம் பேசுங்கள். "சார் 10.40க்குக் கிளம்பலாம், அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்று சொன்னால் அவர்களுக்கே நிம்மதி. உதவியாளர்தான் உங்களுக்காகக் கடிகாரம் பார்ப்பார்.

சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் காத்திருக்காதீர்கள். முதல் ஆய்வு அமர்வைத் தொடங்கிவிட்டு, அவர் வந்ததும் ஒரு பேச்சின் முடிவில் 15 நிமிடம் நிறுத்தி வரவேற்று விளக்கேற்றலாம். இதற்குத் துறைத்தலைவரின் சம்மதத்தை முந்தின நாளே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். காலை 9.50க்கு அவர் பதற்றத்தில் இருப்பார். அப்போது கேட்டால் "கொஞ்சம் பொறுங்க" என்றுதான் பதில் வரும்.

பேச்சாளரிடம் மூன்று வாரம் முன்பே பேசுங்கள்

மேடையில் ஏறிய பிறகு ஒருவரைச் சுருக்கச் சொல்வது கடினம். அவர் வீட்டில் உட்கார்ந்து தயாரிக்கும்போது சொன்னால் அவரே சுருக்கிவிடுவார். மூன்று வாரம் முன்பு ஒரு கடிதம், ஒரு வாரம் முன்பு ஒரு தொலைபேசி அழைப்பு, முந்தின நாள் ஒரு வாட்ஸாப் செய்தி. கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் உரை 11.20க்குத் தொடங்கி 11.35க்கு முடியும். அதன்பின் 3 நிமிடம் கேள்விகள். 13ஆம் நிமிடத்தில் மஞ்சள் அட்டையும் 15ஆம் நிமிடத்தில் சிவப்பு அட்டையும் காட்டுவோம். எல்லாப் பேச்சாளர்களுக்கும் இதே முறைதான். தங்கள் ஸ்லைடுகளை முந்தின நாள் மாலை 5 மணிக்குள் அனுப்பி உதவ வேண்டுகிறோம்."

"எல்லாப் பேச்சாளர்களுக்கும் இதே முறைதான்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மூத்தவர்களுக்கு மனம் நோகாமல் இருக்க அது உதவும்.

தமிழ்த்துறை, வரலாற்றுத்துறைக் கருத்தரங்குகளில் கட்டுரையைப் பக்கம் பக்கமாக வாசிக்கும் வழக்கம் உண்டு. மலருக்குக் கொடுத்த 12 பக்கக் கட்டுரையை 15 நிமிடத்தில் யாராலும் வாசிக்க முடியாது. தொலைபேசியில் பேசும்போது ஒன்று கேளுங்கள்: "அம்மா, ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தீர்களா?" பார்க்கவில்லை என்றால் அன்று இரவே பார்ப்பார். ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் என்றால் 15 நிமிடத்துக்கு 6 பக்கம். நடுவில் நிமிர்ந்து பார்க்க, தண்ணீர் குடிக்க ஒரு பக்கம் கழித்தால் 5. ஸ்லைடு வைத்துப் பேசுபவருக்கு 15 நிமிடத்தில் 12 ஸ்லைடே அதிகம்.

இன்னொரு கேள்வி இதைவிடப் பயனுள்ளது: "ஒருவேளை 5 நிமிடம் குறைந்துவிட்டால் எந்தப் பகுதியை விடுவீர்கள்?" இதற்கு யோசித்து வைத்திருப்பவர் சிவப்பு அட்டையைப் பார்த்துத் தடுமாற மாட்டார். முன்னுரையைச் சுருக்கி முடிவைக் காப்பாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் எதிராகச் செய்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்குகிறார்கள். கேட்க வந்தவர்களுக்கும் அது இழப்பு.

ஸ்லைடுகளை முந்தின மாலையே வாங்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடு அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மேடையில் அதைக் கண்டுபிடித்து, எழுத்துருவைத் தேடி இறக்குவதற்குள் 7 நிமிடம் போகும். யூனிகோடில் கேளுங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றும் கேளுங்கள். வீடியோவை இணையச் சுட்டியாகக் கொடுத்தால் ஏற்காதீர்கள். மழை நாளில் மலையில் சிக்னலை நம்ப முடியாது. கோப்பாகவே வாங்கி, எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பில் ஏற்றி, பேசும் வரிசைப்படி எண் போட்டு வையுங்கள். ஆளுக்கு ஆள் லேப்டாப் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 3 நிமிடம் போகும்.

அமர்வுத் தலைவர்

பேராசிரியரை நீங்கள் நிறுத்த முடியாது. அமர்வுத் தலைவர் நிறுத்த முடியும். அதனால் யாரை அமர்வுத் தலைவராகப் போடுகிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பேசுபவரின் பழைய மாணவரைத் தலைவராகப் போட்டால் அவர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். வயதிலோ மதிப்பிலோ சமமானவர் வேண்டும். நன்றாகப் பேசுகிறவர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு உரைக்கும் 5 நிமிடம் பொழிப்புரை சொல்லி அமர்வைத் தானே விழுங்கிவிடுவார்.

காலையில் அவரோடு 10 நிமிடம் உட்காருங்கள். அறிமுகம் இரண்டு வாக்கியம் போதும் என்று சொல்லுங்கள். தன்விவரக் குறிப்பு முழுவதும் மலரில் இருக்கிறது. அட்டை எப்போது வரும், அதன்பின் அவர் எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று பேசி முடிவுசெய்யுங்கள். "சார், 15 நிமிடம் முடிந்து ஒரு நிமிடம் ஆனதும் நான் உங்களைப் பார்ப்பேன், நீங்கள் எழுந்துவிடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அவருக்கும் சங்கடம் குறையும்.

நேரம் பார்ப்பவர் உட்கார வேண்டிய இடம்

முன்வரிசையில், பேசுபவரின் நேர்ப் பார்வையில். ஓரத்தில் உட்கார்ந்தால் நீங்கள் அட்டையைத் தூக்குவது புகைப்படக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில், மீதமிருக்கும் நிமிடங்களை "5", "2" என்றும் கடைசி அட்டையில் "முடிக்கவும்" என்றும் எழுதி, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் கொடுங்கள். மேடைப்பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் 5 முதல் 7 நிமிட உரைக்கு 5ஆம் நிமிடத்தில் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு என்று விளக்குப் போடுகிறார்கள். அந்த முறை எளிதானது, எல்லாருக்கும் புரியும். புரொஜெக்டருக்காக விளக்கை அணைத்திருப்பார்கள், வெளியே மூடுபனி என்றால் அரங்கம் இன்னும் இருட்டாகிவிடும். அப்போது அட்டை தெரியாது. ஒரு டேப்லெட்டில் எண்கள் இறங்கும் கடிகாரத்தை ஓடவிட்டுப் பேசுபவருக்கு எதிரே தரையில் சாய்த்து வைத்தால் எல்லா நேரத்திலும் தெரியும். கடிகாரத்தை முதல் சொல்லிலிருந்து ஓடவிடுங்கள், விளிப்பும் பேச்சுதான்.

அட்டையைத் தூக்கினால் மட்டும் போதாது. அவர் பார்த்து லேசாகத் தலையசைக்கும்வரை இறக்காதீர்கள்.

துண்டுச் சீட்டு அனுப்பும் பழக்கம் வேண்டாம். பேசுபவர் பேச்சை நிறுத்துவார், சீட்டைப் பிரிப்பார், கண்ணாடியைத் தேடுவார், "நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது" என்று அவைக்கும் அறிவிப்பார், அப்புறம் விட்ட இடத்தைத் தேடி மீண்டும் தொடங்குவார். மணியை மாணவர் பேச்சுப்போட்டியோடு வைத்துக்கொள்வது என் விருப்பம். வயதானவர்களை மணி அடித்து நிறுத்துவது நம் அவைகளில் நன்றாக இருப்பதில்லை. மைக்கை அணைப்பது எந்த நிலையிலும் கூடாது.

மின்சாரம் போவது மலையில் சாதாரணம். ஜெனரேட்டர் இருந்தாலும் புரொஜெக்டர் மறுபடி உயிர்பெற நேரமாகும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மின்சாரம் போனால் கடிகாரம் நிற்கும், 2 நிமிடத்தில் வராவிட்டால் ஸ்லைடு இல்லாமல் பேச்சு தொடரும். பேச்சாளர்கள் குறிப்பை ஒரு தாளிலும் வைத்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மேடையில் பிளாஸ்க்கில் வெந்நீரும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது. குளிரில் தொண்டை கட்டியவருக்கு வெந்நீர்தான் உதவும்.

நேரம் முடிந்தும் பேசிக்கொண்டிருந்தால்

முதல் பேச்சாளரைச் சரியாக நிறுத்துங்கள். அன்றைய தினத்தின் வழக்கம் அவரிடம்தான் உருவாகிறது. அவருக்கு 6 நிமிடம் விட்டுக்கொடுத்துவிட்டு நான்காமவரைத் தடுத்தால் அது அநியாயம் என்று அவருக்கும் தெரியும், அவைக்கும் தெரியும்.

சிவப்பு அட்டைக்குப் பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள். "இறுதியாக" என்று முதல் முறை சொன்னதை நம்ப வேண்டாம். ஒரு நிமிடம் கழிந்ததும் அமர்வுத் தலைவர் எழுந்து நிற்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். இன்னொரு நிமிடமும் போனால் மேடைக்கருகே வந்து, வாக்கியம் முடியும் இடத்தில் சொல்லட்டும்: "ஐயா, மிக முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். முடிவை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மீதியை டீ குடிக்கும்போது உங்களிடமே கேட்டுக்கொள்கிறோம்." இதில் அவமதிப்பு எதுவும் இல்லை, அவர் செய்ய வேண்டியதும் தெளிவாக இருக்கிறது. "நேரமில்லை ஐயா" என்று சொன்னால் "இரண்டே நிமிடம்" என்று பதில் வரும்; பேரம் தொடங்கிவிடும்.

எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் அவருடைய கேள்வி நேரத்தில் கழியட்டும். அடுத்தவர் நேரத்தில் கை வைக்காதீர்கள்.

நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டிய இடம்

நீலகிரியில் காடு, நிலம், தேன், தேயிலை, மொழி என்று எதைப் பற்றிக் கருத்தரங்கு நடந்தாலும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் சமூகப் பெரியவர்களை அழைப்பது வழக்கமாகிவருகிறது. நல்ல வழக்கம். ஆனால் அவர்களுக்கும் 15 நிமிடம் என்று போட்டுவிடுகிறோம். அவர் தன் மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல, இன்னொருவர் தமிழில் சொல்ல, அதை ஒருவர் ஆங்கிலத்திலும் சொன்னால் அவருக்குக் கிடைப்பது உண்மையில் 5 நிமிடம். மொழிபெயர்ப்பு உண்டென்றால் இரட்டிப்பு நேரம், இரண்டு மொழிக்கு என்றால் மூன்று மடங்கு. இதை நிகழ்ச்சிநிரல் போடும்போதே ஒதுக்குங்கள். அவர்களைக் கடைசியில் போடாதீர்கள். தேநீர் இடைவேளைக்கு அடுத்த இடம், அதாவது அவை நிறைந்திருக்கும் நேரம், அவர்களுக்கு உரியது.

மேடைப் பழக்கம் இல்லாத விவசாயியையும் தொழிலாளியையும் தனியாகப் பேச நிற்க வைப்பதை விட, அமர்வுத் தலைவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பது நல்லது. "அண்ணா, போன வருஷம் கிலோவுக்கு என்ன விலை கிடைச்சுது? உரம், பறிகூலி போக என்ன நின்னுச்சு? ஃபேக்டரில இலையைத் திருப்பி அனுப்பினா என்ன செய்வீங்க?" மூன்று கேள்விகளில் அவர் சொல்ல வந்தது முழுதாக வந்துவிடும். நேரத்தை அவர் கவனிக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பவர் பார்த்துக்கொள்வார்.

நாள் எப்படியும் பின்தங்கிவிட்டால்

பர்லியாறில் மரம் விழுந்து இரண்டு பேச்சாளர்கள் வழியில் நிற்கிறார்கள் என்று செய்தி வரும். வந்திருப்பவர்களை இழுத்துப் பேசச் சொல்லி அந்த இடத்தை நிரப்பாதீர்கள். பிற்பகலில் இருப்பவரைக் கேட்டு முன்னே கொண்டுவாருங்கள்.

அரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் தேநீர் வேளையிலேயே முடிவெடுங்கள். வெட்ட வேண்டியது நிறைவு விழாவை. அதில் அறிக்கை வாசிப்பு, மூன்று வாழ்த்துரை, சான்றிதழ் வழங்குதல் எல்லாம் இருக்கும். சான்றிதழைப் பதிவு மேஜையில் கொடுத்துவிடலாம். நன்றிக்குரியவர்கள் பெயர்களைத் திரையில் ஓடவிட்டு ஒருவர் இரண்டு வரி சொன்னால் போதும். அப்படியும் போதாவிட்டால், மீதமிருக்கும் எல்லாருக்கும் 15ஐ 12 ஆக்குங்கள். அதை மேடை ஏறிய பிறகு சொல்லாமல், டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்: "மன்னிக்கணும் மேடம், எல்லாருக்கும் 12 நிமிடம்தான் கொடுக்க முடிகிறது." அவர் போய் உட்கார்ந்து இரண்டு ஸ்லைடை எடுத்துவிடுவார். கடைசிப் பேச்சாளரை மட்டும் வெட்டும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கேட்பவரிடம் கொடுக்காமல் தொண்டர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். உரையாற்றத் தொடங்குபவரிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கி ஒரே பதிலாகச் சொல்ல வைத்தால் நேரம் மிச்சமாகும். முதல் கேள்வி பின்வரிசை மாணவர்களிடமிருந்து வரட்டும். முன்வரிசைக்கு வாய்ப்பு எப்படியும் கிடைக்கும்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு வையுங்கள்: பெயர், ஒதுக்கிய நேரம், உண்மையில் தொடங்கிய நேரம், முடித்த நேரம். ஐந்தாவதாக, கூடுதல் நேரம் எதனால் போனது என்று இரண்டு சொல் எழுத ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். "லேப்டாப்", "பொன்னாடை", "கரண்ட்", "அறிமுகம்" என்று வரும். மறுநாள் துறைக் கூட்டத்தில் இதைக் காட்டுங்கள். பேச்சாளர்கள் எடுத்துக்கொண்டதை விட நம் ஏற்பாட்டில் போன நேரம் அதிகமாக இருந்தால் அடுத்த ஆண்டு அதிலிருந்து திருத்தலாம். நோட்டை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் துறை அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு மணி வேறொருவர் கைக்குப் போகும்போது அவருக்கு அது வேண்டியிருக்கும்.